ஊருக்கு அடியில் உள்ள சரித்திரம்

(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களைப் பற்றி ஒரு கிராமக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், இந்தப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் நிலமும், ஜனங்களும், சரித்திரமும் ஆகும். இதைக் கேட்டதும் சில தோழர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். “மூடநம்பிக்கையைப் பற்றிக் காரசாரமாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வந்தால், பூகோள பாடம் நடத்துகிறார்களே” என்று எண்ணலாம். நாம் பூகோள வாத்தியார் அல்ல. பட்டம் பெற்ற பண்டிதரும் அல்ல. நம்முடைய பள்ளிக்கூடப் படிப்பு சின்ன வயதிலேயே நின்று போயிற்று. பிறகு படித்ததெல்லாம் வாசகசாலைப் பெஞ்சிலும், ரயில் வண்டியிலும், இரவல் வாங்கிய புஸ்தகங்களிலும் படித்ததுதான். ஆகவே நாம் சொல்வதில் தவறு இருந்தால் எழுந்து கேளுங்கள். திருத்திக் கொள்ள நாம் வெட்கப்பட மாட்டோம்.

நம் நாட்டில் எந்த ஊருக்குப் போய் “உங்கள் ஊர்ச் சரித்திரம் என்ன?” என்று கேட்டாலும் என்ன பதில் கிடைக்கிறது? இன்ன ரிஷி இங்கே தவம் செய்தார், இன்ன தேவனுக்கு இங்கே சாபம் நீங்கிற்று என்பதுதான் பதில். ஊர் ஏரியை வெட்டியது யார், கிணறு ஏன் வற்றுகிறது, காலுக்குக் கீழே இருப்பது என்ன கல், பக்கத்துத் தெருக்காரன் ஏன் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறான் என்று கேட்டால் பதில் இல்லை. தேவர்களுக்கெல்லாம் நம் ஊர்களில் சாபம் நீங்கியதாம்! ஊராருக்கு மட்டும் இன்னும் நீங்கவில்லை. இதற்குக் காரணம், ஊராரின் சரித்திரத்தை ஊரார் படிக்காததுதான் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் எல்லையைச் சொல்லி விடுகிறோம். இவ்விரண்டு ஜில்லாக்களும் முன்னே திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியவை. 1995-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. 2001 ஜனவரி 1-ந் தேதி அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் மறுபடியும் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ந் தேதி மறுபடியும் பிரித்தார்கள். அந்தப் பிரிவினைதான் நிலைத்திருக்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும், அரியலூரில் 7,54,894 பேரும் இருந்தார்கள். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே ஜனத்தொகை குறைந்த ஜில்லா பெரம்பலூர்தான்.

மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே மேட்டு நிலம். மேற்குப் பக்கம் பெரும்பாலும் கரிசல். அங்கே பருத்தியும், மக்காச்சோளமும், சின்ன வெங்காயமும் விளைகின்றன. நீங்கள் சாம்பாரில் போடும் சின்ன வெங்காயத்திற்குத் தமிழ்நாட்டிலேயே பேர் போன இடம் பெரம்பலூர்ச் சீமை. கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண்; அங்கே முந்திரி. தெற்கே கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர் பக்கம் வாய்க்கால் பாய்ந்து நெல் விளைகிறது. மற்ற இடங்களில் வானம் பார்த்த பூமிதான். காவேரித் தண்ணீர் கூப்பிடு தூரத்தில் ஓடினாலும் மேட்டு நிலத்திற்கு ஏறி வராது. இது எந்த ரிஷி இட்ட சாபமும் அல்ல. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதைத் தவிர இதில் வேறு ரகசியம் கிடையாது. மேட்டில் பெய்கிற மழையை ஏரி வெட்டித் தேக்கினால் தண்ணீர் உண்டு. ஏரியைத் தூர்ந்து போக விட்டால் தண்ணீர் இல்லை. அரியலூர்ச் சீமையில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. அதில் தண்ணீர் நிற்பதால் இமயமலைக்கு அப்பாலிருந்துகூட வரித்தலை வாத்துகள் வருஷந்தோறும் பறந்து வருகின்றன. 2024-ல் அந்த ஏரியை உலகத்துச் சிறந்த ஈர நிலங்களின் ராம்சார் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறார்கள். ஏரியைக் காப்பாற்றினால் உலகமே தேடி வரும் என்பதற்கு இது அத்தாட்சி.

பச்சைமலையில் பிறந்து இந்தச் சீமையின் ஊடே ஓடிக் கொள்ளிடத்தில் விழுவது மருதையாறு. வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும். மழை காலத்தில் திடீரென்று பெருகும். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் இந்த ஆற்று வெள்ளத்தில் அரியலூருக்குப் பக்கத்தில் பாலம் கெட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வண்டி கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வண்டியில் ஏறினவர்களில் எத்தனை பேர் நாள் பார்த்து, சகுனம் பார்த்து, நெற்றியில் விபூதி இட்டுக் கொண்டு ஏறியிருப்பார்கள்? எத்தனை ஜாதகத்தில் “தீர்க்காயுசு” என்று எழுதியிருக்கும்? ஒரே விடியற்காலையில் இத்தனை ஜாதகங்களும் பொய்த்தன. நாட்டில் பெரும்பாலோர் என்ன சொன்னார்கள்? “விதி” என்றார்கள். ஆனால் அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் விதி என்று சொல்லி உட்கார்ந்திருக்கவில்லை. தம்முடைய இலாகாவுக்குத் தாமே பொறுப்பாளி என்று சொல்லி ராஜினாமாச் செய்தார். இதுதான் மனிதன் செய்யத் தக்க காரியம். பாலம் விழுந்தால் கேட்க வேண்டிய இடம் ஜோசியர் வீடு அல்ல. பாலத்துக்குப் பொறுப்பானவர் வீடுதான்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். ரயில் கவிழ்ந்ததும் நவம்பர் 23. அரியலூர் தனி ஜில்லாவாக நிலைத்ததும் நவம்பர் 23. அது நல்ல நாளா, கெட்ட நாளா? நாளில் ஒன்றும் இல்லை, தோழர்களே! பாலம் பலமாக இருக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிற்க, இனி மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்ப்போம்.

இந்தச் சீமையில் ஏர் ஓட்டியவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். கொழு முனையில் சில சமயம் வட்டமாகச் சுருண்ட கல் ஒன்று அகப்படும். ஆட்டுக் கடாவின் கொம்பு மாதிரியோ, பெரிய நத்தை மாதிரியோ வரி வரியாக இருக்கும். உழவன் அதை எடுத்து வரப்பில் எறிந்து விட்டு மாட்டை ஓட்டுவான். குழந்தைகள் எடுத்து விளையாடும். அந்தக் கல் என்ன தெரியுமா? அது ஒரு காலத்தில் கடலில் நீந்திக் கொண்டிருந்த ஒரு பிராணியின் ஓடு. அம்மோனைட் என்பது அதன் பெயர். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன்னே, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கமெல்லாம் கடலாய் இருந்தது. நண்டும், சிப்பியும், சுறாவும் இங்கே திரிந்தன. கடல் பல முறை உள்ளே வந்து, பல முறை பின் வாங்கிற்று. கடைசியாக அது கிழக்கே போய்விட்டது. அதில் செத்து விழுந்த பிராணிகளின் ஓடுகள் சேற்றில் புதைந்து கல்லாயின. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் இந்த அம்மோனைட் இனமே பூமியில் அற்றுப் போயிற்று.

இதை நாம் ஏதோ கதையாகச் சொல்லவில்லை. 1840-களிலேயே இங்கிருந்து எடுத்துப் போன கல்லோடுகளை எட்வர்ட் போர்ப்ஸ் என்பவர் ஆராய்ந்து எழுதினார். பிறகு பிளான்போர்டு என்பவர் இந்தச் சீமையின் பாறைகளை அடுக்கடுக்காகப் பரிசோதித்து 1862-ல் புஸ்தகம் எழுதினார். ஸ்டோலிச்கா என்பவர் இங்குள்ள கடல் பிராணிகளை இனம் இனமாகப் பிரித்து எழுதினார். உலகத்துப் பூமி சாஸ்திரப் புஸ்தகங்களில் “அரியலூர்” என்பது ஒரு பாறை வகுப்பின் பெயராகவே இருக்கிறது. அடியில் உள்ள அடுக்கு மூத்தது, மேலே உள்ளது இளையது என்பது ஒரு கணக்கு. கல்லில் உள்ள சில பொருள்கள் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சிதையும் என்பது இன்னொரு கணக்கு. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வயது சொல்லுகிறார்கள். கனவில் யாரும் வந்து சொல்லவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். நேபாள தேசத்தில் கண்டகி என்று ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் சாளக்கிராமம் என்னும் கல் கிடைக்கிறது. அதை விஷ்ணு என்று சொல்லிப் பட்டுத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, பாலால் அபிஷேகம் செய்து பூஜை செய்கிறார்கள். அதைத் தொடுவதற்கு இன்ன ஜாதிக்கு அருகதை உண்டு, இன்ன ஜாதிக்கு இல்லை, பெண்கள் தொடலாகாது என்றெல்லாம் சாஸ்திரம் பேசுகிறார்கள். அந்தச் சாளக்கிராமம் என்ன? அதுவும் இதே அம்மோனைட் இனத்துப் பிராணிதான்! அங்கே இருந்த கடலில் செத்தது அங்கே கல்லாயிற்று. இங்கே இருந்த கடலில் செத்தது இங்கே கல்லாயிற்று. அங்கே கிடைத்தது தெய்வம். இங்கே கிடைத்தது, சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக் கல்லோடு கல்லாய் உடைபட்டுப் பொடியாகிறது.

தோழர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். ஒரே இனம், ஒரே உடம்பு, ஒரே விதமான சாவு. ஒன்று பூஜைப் பெட்டியில். ஒன்று அரைக்கும் யந்திரத்தில். பெட்டியில் இருக்கும் கல் பூர்வ ஜன்மத்தில் என்ன புண்ணியம் செய்தது? யந்திரத்தில் அரைபடும் கல் என்ன பாவம் செய்தது? கல்லில் வித்தியாசம் இல்லை. எடுத்தவன் வைத்த இடத்தில்தான் வித்தியாசம். இந்த ஒரு சங்கதி மனதில் பதிந்தால் போதும். இன்று நாம் சொல்லப் போவது எல்லாம் தானே விளங்கும்.

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர் என்னும் கிராமத்தில் ஒரு கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940-ல் பூமி சாஸ்திர இலாகாவைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் என்பவர் அதை உலகத்துக்கு அறிவித்தார். பூக்கும் மரங்கள் பூமியில் பெருகுவதற்கு முந்திய காலத்து மரம் அது. வயது 10 கோடி வருஷத்துக்கு மேல் என்று சொல்லுகிறார்கள். ஆற்று வெள்ளத்தில் அடித்துக் கொண்டு வரப்பட்டுக் கடலில் அமிழ்ந்து, சேற்றில் புதைந்து, மரத்தின் அணு ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் தண்ணீரில் கரைந்திருந்த மணிக்கல் சத்து மெல்ல மெல்ல ஏறி, மரத்தின் உருவம் மாறாமல் கல்லாகி விட்டது. புராணத்திலும் கல்லானவர்கள் உண்டு. ரிஷி கோபித்தார், பெண் கல்லானாள், கால் பட்டது, பெண்ணானாள் என்று ஒரே நிமிஷத்தில் காரியம் முடிந்து விடும். சாத்தனூர் மரம் கல்லாவதற்கு எத்தனையோ காலம் ஆயிற்று. எந்த மகானுடைய கால் பட்டாலும் அது மறுபடி துளிர்க்கப் போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு தோழர், “நீங்களும் விஞ்ஞானி சொன்னதை நம்பத்தானே சொல்லுகிறீர்கள்? அதுவும் ஒரு புராணம்தானே?” என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு இந்தச் சீமையிலேயே பதில் இருக்கிறது.

2020 அக்டோபரில் குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. “டைனோசர் முட்டை” என்று ஊரெங்கும் செய்தி பரவிற்று. ஆளுக்கு ஆள் படம் எடுத்து அனுப்பினார்கள். விஞ்ஞானத்துக்கு இது பெருமைதானே, இருந்து விட்டுப் போகட்டும் என்று நிபுணர்கள் விட்டு விட்டார்களா? இல்லை. வந்து பார்த்தார்கள். “இது முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய கல்” என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லுகிறோம். அரியலூர்ச் சீமையில் கல்லமேடு என்னும் இடத்தில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. அவை ஒரு பெரிய டைனோசருடையவை என்று 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் எழுதினார்கள். அது மாமிசம் தின்னும் பிராணி என்று முதலில் நினைத்தார்கள். பிறகு மற்றவர்கள் ஆராய்ந்து, அல்ல, தழை தின்னும் பிராணி, ஒருவேளை பூமியில் நடந்தவற்றிலேயே பெரியவைகளில் ஒன்று என்றார்கள். அந்த எலும்புகள் சரியாகக் காக்கப்படாமல் உதிர்ந்து போய் விட்டதால், அப்படிச் சொல்லக் கூடாது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பழைய படங்களை வைத்துக் கொண்டு 2022-ல் மறுபடியும் எழுதினார்கள்.

பார்த்தீர்களா? ஒருவர் சொல்லுகிறார், மற்றவர் மறுக்கிறார், அத்தாட்சி கேட்கிறார், முதலில் சொன்னதைத் திருத்துகிறார்கள். எந்தப் புராணத்திலாவது “முதல் பதிப்பில் தவறாக எழுதினோம், இப்போது திருத்துகிறோம்” என்று கண்டதுண்டா? தப்பை ஒப்புக்கொள்ளக் கூடியது அறிவு. ஒப்புக்கொள்ள முடியாது என்பது மூடநம்பிக்கை. வித்தியாசம் இவ்வளவுதான்.

மண்ணுக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தோம். மண்ணுக்கு மேலே மனிதர் கட்டியதையும் பார்ப்போம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே முதலாம் ராஜேந்திர சோழன் கங்கைக் கரை வரைக்கும் படை அனுப்பி வென்று, அந்த ஞாபகமாகக் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டினான். சுமார் 250 வருஷம் அது சோழருக்குத் தலைநகரமாயிருந்தது. கோயிலை 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தார்கள். ஆனால் அரண்மனை எங்கே? மாளிகைமேடு என்ற பெயரோடு ஒரு மேடு இருந்தது. தமிழ்நாட்டுத் தொல்பொருள் இலாகா 1980 முதல் தோண்டிப் பார்த்து, செங்கல் அஸ்திவாரங்களைக் கண்டது. கடலைத் தாண்டிக் கடாரம் வரை படை அனுப்பிய ராஜாவின் வீட்டில் மிஞ்சியது செங்கல் அஸ்திவாரம்! ராஜபக்தி பேசுகிறவர்கள் அந்த மேட்டைப் போய்ப் பார்ப்பது நல்லது.

அந்த ராஜா சோழகங்கம் என்று ஒரு பெரிய ஏரியும் வெட்டுவித்தான். கங்கை நீரைக் கொண்டு வந்து அதில் ஊற்றி, தண்ணீராலான ஜயஸ்தம்பம் என்று செப்பேட்டில் பாடுவித்துக் கொண்டான். ஏரியை நிரப்பியது கங்கையிலிருந்து வந்த குடத்துத் தண்ணீரா? அல்ல. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டிக் கொண்டு வந்த தண்ணீர். வெட்டியது யார்? கூடையும் மண்வெட்டியும் எடுத்த ஜனங்கள். செப்பேட்டில் அவர்கள் பேர் இல்லை. வாய்க்கால் தூர்ந்ததும் ஏரி வற்றிக் காடு மண்டிற்று. குடத்துக் கங்கை அதைக் காப்பாற்றவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் சுற்று மதில் கல்லையும் மற்றக் கட்டடக் கல்லையும் பெயர்த்துக் கொண்டு போனார்கள். பழைய சின்னத்தை உடைத்தது தவறுதான். அது நம் ஜனங்களின் கை வேலை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கோயிலில் இருந்தபோது இந்த ஊர் ஏழைகளில் பலரைக் கிட்டே வரவொட்டாமல் தடுத்த மதில் கல், அணைக்குப் போன பிறகு எல்லோர் வயலுக்கும் தண்ணீர் தந்தது. அணைக் கல் ஜாதி கேட்கவில்லை. கல் அதே கல்தான். வைத்த இடம் வேறு.

பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-ல் அதன் பக்கத்தில் வாலிகண்டபுரத்தில் சண்டை நடந்தது. ஒரு பக்கம் முகம்மது அலியும் இங்கிலீஷ்காரரும். மறுபக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். நவாபு பட்டம் யாருக்கு என்பது வழக்கு. வயல் மிதிபட்டது யாருடையது? குடியானவனுடையது. யார் ஜெயித்தாலும் வரி கட்டினவனும் அவனே. பிறகு அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்கள் இருந்தன, அவைகளும் போயின. ஜமீன் போனாலும் ஜமீனுக்குக் கை கட்டி நின்ற பழக்கம் மட்டும் சில தெருக்களில் இன்னும் போகவில்லை.

இந்தச் சீமையில் வாழ்ந்தவர்களில் ஒருவரை மட்டும் நாம் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். இத்தாலி தேசத்தில் 1680-ல் பிறந்து, கிறிஸ்தவப் பாதிரியாக வந்து, கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் தங்கியிருந்தவர் வீரமாமுனிவர். அவருடைய மத விஷயம் நமக்கு வேண்டியதில்லை. அவர் நம் பாஷையைக் கற்று 1732-ல் சதுரகராதி என்னும் அகராதியைச் செய்தார். அதுவரை குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வைத்து அடையாளம் காட்டி வந்ததை மாற்றி, நெடிலுக்குத் தனி வடிவம் காட்டினார். 1978-ல் தமிழ்நாட்டு சர்க்கார் இன்னும் சில எழுத்துக்களைச் சீர் செய்தார்கள். எழுத்து கடவுள் கொடுத்தது, தொடக் கூடாது என்று யாராவது பிடிவாதம் செய்திருந்தால் இவைகள் நடந்திருக்குமா? எழுத்தையே மாற்றலாம் என்றால், எழுதி வைத்த வழக்கங்களை மாற்றக் கூடாதா?

“இதெல்லாம் சரி, கல்லைப் பற்றித் தெரிந்து கொண்டால் வயிறு நிறையுமா?” என்று பின் வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார். நிறையும், அய்யா! நிறைந்தும் இருக்கிறது. ஆனால் யாருக்கு நிறைந்தது என்பதுதான் கேள்வி.

அந்தக் கடல் பிராணிகளின் ஓடும், பவளமும், பாசியும் படிந்து உண்டானதுதான் சுண்ணாம்புக் கல். அதையும் களிமண்ணையும் சேர்த்து சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் சுட்டு, ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். இந்த ஒரு கணக்குத் தெரிந்தவர்கள் இந்தச் சீமைக்கு வந்தார்கள். 1979-ல் சர்க்கார் சிமெண்ட் ஆலை அரியலூரில் வந்தது. தனிப்பட்ட முதலாளிகளின் ஆலைகள் பல வந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ மாடி வீடுகள் இந்தச் சீமையின் கடல் பிராணிகளால்தான் நிற்கின்றன. அதற்கு முன்னே அந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் என்ன சொல்லிக் கொண்டிருந்தான்? “சுண்ணாம்புக் கரம்பு, ஒன்றும் விளையாது, நம் தலையெழுத்து” என்றான். கல்லைப் படிக்கத் தெரிந்தவன் அதைப் பணம் என்று கண்டான். தெரியாதவன் தலையெழுத்து என்று சொல்லி வந்த விலைக்கு விற்றான். விற்ற பணம் கல்யாணத்திலும், திருவிழாவிலும், கடனிலும் போயிற்று. பிறகு அவன் மகன், அப்பன் விற்ற நிலத்துப் பள்ளத்திலிருந்து கல் ஏற்றும் லாரிக்கு வழி விட்டு, புழுதியைத் தின்று கொண்டு நின்றான். ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலகத்துக்கு வீடு வேண்டும். அந்தப் பள்ளத்தைச் சுற்றி உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பும், வேலையும், சுத்தமான காற்றும் வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம். படித்தவன் கையில் கல் பொன்னாயிற்று. படியாதவன் கையில் பொன் கல்லாயிற்று. இதுதான், பெரியவரே, உங்கள் கேள்விக்குப் பதில்.

ஆகவே படிப்புக்கு வருவோம். 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரம்பலூரில் நூற்றுக்குச் சுமார் 74. அரியலூரில் சுமார் 71. தமிழ்நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 80. பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட எழுத்து வாசனையே இல்லாதிருந்தார்கள். ஜனத்தொகையில் தாழ்த்தப்பட்டோர் பெரம்பலூரில் நூற்றுக்குச் சுமார் 31 பேர். அரியலூரில் சுமார் 23 பேர். ஏரி வெட்டினது, கல் உடைத்தது, அறுவடை செய்தது எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கை. இவர்களைப் பார்த்து “அறிவு வராத கூட்டம்” என்று சொன்ன வாய்கள் எத்தனை!

அந்த வாய்களுக்குச் செந்துறைத் தாலூகாவிலுள்ள குழுமூர் பதில் சொன்னது. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த அனிதா, 2017-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மார்க் வாங்கினாள். டாக்டராக வேண்டும் என்பது அந்தக் குழந்தையின் ஆசை. ‘நீட்’ என்னும் நுழைவுத் தேர்வு குறுக்கே நின்றது. டில்லியிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நியாயம் கேட்டாள், கிடைக்கவில்லை. 1-9-2017-ல் அந்த உயிர் போயிற்று. இதைச் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. எந்தப் பிள்ளையும் எந்தப் பரீட்சைக்காகவும் உயிரை விடலாகாது. உயிரோடு இருந்துதான் கேட்க வேண்டும், கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும் என்று இங்குள்ள பிள்ளைகளைக் கெஞ்சிக் கேட்டுக் கொள்கிறோம். 2022-ல் அரியலூரிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் மண்டபத்துக்கு அனிதா பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பெண் மண்டபத்துக்குப் பெயராக வரவேண்டியவள் அல்ல. வகுப்பில் பெஞ்சியில் உட்கார வேண்டியவள்.

இப்போது அந்தக் கல்லை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 1176 மார்க் வாங்கிய மூளை எந்தத் தெருவில் பிறந்தது? பிறப்பிலே வித்தியாசம் இருந்தால் அந்த மார்க் எப்படி வந்தது? பட்டுப் பெட்டியில் இருந்தாலும், யந்திரத்தில் அரைபட்டாலும் அம்மோனைட் அம்மோனைட்தான். அக்கிரகாரத்தில் பிறந்தாலும், சேரியில் பிறந்தாலும் மனிதன் மனிதன்தான். வைத்த இடத்தை மாற்றினால் எல்லாம் மாறும். அந்தக் கல்லுக்குக் கை கால் இல்லை. தான் இருக்கும் இடத்தைத் தானே மாற்றிக் கொள்ள முடியாது. நமக்குக் கை கால் இருக்கிறது, வாய் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. நாம் ஏன் வைத்த இடத்திலேயே கிடக்க வேண்டும்?

முடிவாக மூன்று விஷயங்களைக் கேட்டுக் கொள்கிறோம். முதலாவது, ஏரில் அகப்படும் சுருள் கல்லை வரப்பில் எறியாதீர்கள். பிறரிடம் விற்று விடாதீர்கள். மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமியாக்கியும் விடாதீர்கள். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுங்கள். அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இவைகளுக்கென்றே காட்சிசாலை இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துக் கொண்டு போங்கள். இரண்டாவது, ஊர் ஏரி தூர்ந்தால், பாலம் ஆடினால், கிணறு வற்றினால் விதி என்று சொல்லாதீர்கள். பொறுப்பாளி யார் என்று கேளுங்கள். மூன்றாவது, பெண் குழந்தையின் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஜாதகம் எடுக்காதீர்கள். இந்தச் சீமையில் எத்தனை வீடுகளில் எத்தனை 1176 புதைந்து கிடக்கிறதோ, யார் கண்டது? கல்லைத் தோண்டி எடுக்க யந்திரம் கொண்டு வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளின் அறிவைத் தோண்டி எடுக்க நாம்தான் முயல வேண்டும்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பி விடாதீர்கள். இங்கிருந்து சாத்தனூர் வெகு தூரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு போய், அந்தக் கல்மரத்தைக் கண்ணால் பாருங்கள். கையால் தடவிப் பாருங்கள். பிறகு உங்கள் அறிவுக்கு எது சரி என்று படுகிறதோ அப்படி நடந்து கொள்ளுங்கள்.